எங்கிருந்து வாரிய? விடுதிப் பதிவேடும் வலைத்தளக் கணக்கும்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு நடுத்தர விடுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வரவேற்பு மேசையில் இரண்டு பொருள்கள். ஒன்று, துணி முதுகு ஒட்டிய நீளமான வருகைப் பதிவேடு. அதோடு நூலில் கட்டிய பேனா. மற்றது ஒரு கணினித் திரை. விடுதியின் வலைத்தளத்துக்கு வந்துபோனவர்களைக் கூகுள் அனலிட்டிக்ஸ் அதில் எண்ணிக் காட்டிக்கொண்டிருக்கிறது. போலீஸ் வந்து கேட்டால் காட்ட வேண்டுமே என்று எழுதப்படுவது முதலாவது. காசு கேட்கவில்லையே என்று சேர்த்துக்கொள்ளப்பட்டது இரண்டாவது. எழுதி முடித்த பக்கத்தை யாரும் மறுபடி திருப்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் இவற்றுக்கிடையே முதலில் கண்ணில் படும் ஒற்றுமை.

ஒற்றுமை அதோடு முடிந்திருந்தால் இந்த ஒப்பாய்வுக்கு வேலை இல்லை. பதிவேட்டின் கட்டங்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள்: பெயர், முகவரி, எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், எதற்காக வந்தார், உடன் எத்தனை பேர், வண்டி எண், வந்த நேரம், கிளம்பிய நேரம். இனித் திரைக்கு வாருங்கள்: எந்த ஊர், எந்த வழியாக வந்தார், எந்தக் கருவியில் வந்தார், முதலில் எந்தப் பக்கத்தில் இறங்கினார், எவ்வளவு நேரம் இருந்தார், எந்தப் பக்கத்தோடு வெளியேறினார். வண்டி எண் இருந்த இடத்தில் கைப்பேசியின் வகை வந்து உட்கார்ந்திருக்கிறது. பெயர் மட்டும்தான் இல்லை.

‘எங்கிருந்து வாரிய அண்ணாச்சி?’

‘விருதுநகர்.’

‘எத்தன பேரு?’

‘பெரியவங்க நாலு, பிள்ளைங்க ரெண்டு.’

‘எத்தன நாளு இருப்பிய?’

மேசைக்குப் பின்னால் இருப்பவர் கேட்கும் இந்த மூன்றையும் மென்பொருளும் கேட்கிறது. வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த உறவு தற்செயல் அன்று. இரண்டும் ஒரே குடும்பம். வலைத்தளங்கள் புதிதாக இருந்த காலத்தில் பகுப்பாய்வு என்றால் சர்வரின் லாக் கோப்பைப் படிப்பது. யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால் அந்தக் கோப்பில் ஒரு வரி விழும்: எந்த முகவரியிலிருந்து, எந்த நேரத்தில், எந்தப் பக்கம், எங்கிருந்து வந்து. லாக் என்ற சொல்லே கப்பல் பதிவேட்டிலிருந்து வந்தது. கயிறு கட்டிய மரக்கட்டையைக் கடலில் எறிந்து கப்பலின் வேகத்தை அளந்தார்கள். அந்தக் கட்டையின் பெயர் அளவை எழுதிய புத்தகத்துக்கு ஆகி, பிறகு கணினிக் கோப்புக்கும் ஆயிற்று. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் அர்ச்சின் என்ற நிறுவனம் இத்தகைய லாக் கோப்புகளைப் படிக்கும் மென்பொருளைச் செய்துவந்தது. 2005இல் கூகுள் அதை வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் அனலிட்டிக்ஸ் என்று பெயரிட்டு இலவசமாகத் திறந்துவிட்டது. கூட்டம் தாங்காமல் சில நாட்களிலேயே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் விடுதிக்காரர் மாட்டும் ‘அறை காலி இல்லை’ பலகையைத்தான் கூகுளும் மாட்டியது.

ஆக, திரையில் தெரிவது பதிவேட்டின் பேரப்பிள்ளை. பாட்டனின் சாயல் பேரனுக்கு எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பது சுவாரசியம். பாட்டனின் கோளாறுகளும் அப்படியே இறங்கியிருக்கின்றன என்பது அதைவிடச் சுவாரசியம்.

ஊர் என்ற கட்டத்தை எடுத்துக்கொள்வோம். பதிவேட்டில் ஒருவர் ராஜபாளையம் என்று எழுதுகிறார். ஆதார் அட்டையும் அதையே சொல்கிறது. ஆனால் அவர் பத்து வருடமாகச் சென்னையில் வேலை பார்க்கிறார். பொதிகை ரயிலில் வந்து இறங்கியவர். அவர் அறை தேடியதும் முடிவு செய்ததும் சென்னையில்தான். பதிவேடு அவரைப் பிறந்த ஊரில் கொண்டுபோய் வைக்கிறது. திரை இதற்கு நேர் எதிர்த் திசையில் தவறுகிறது. இணைய முகவரியை வைத்து ஊரை ஊகிப்பதால், கைப்பேசித் தரவில் வரும் சுரண்டைக்காரரைச் சென்னையிலோ வேறொரு பெருநகரத்திலோ கொண்டுபோய் நிறுத்திவிடக்கூடும். ஒன்று ஆளைச் சொந்த ஊருக்கு அனுப்புகிறது; மற்றது பட்டணத்துக்கு அனுப்புகிறது. சென்னையிலிருந்து நிறையப் பேர் பார்க்கிறார்கள் என்று திரையை நம்பிச் சென்னைக்கு விளம்பரம் கொடுத்தவரும், ராஜபாளையத்துக்காரர்கள் நிறைய வருகிறார்கள் என்று பதிவேட்டை நம்பி அங்கே சுவரொட்டி ஒட்டியவரும் ஒரே பிழையின் இரு முனைகளில் நிற்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில் இரண்டைவிடவும் நம்பகமானது வாசலில் நிற்கும் வண்டியின் எண் பலகை என்பது என் எண்ணம். கேரளத்துக்கு கேஎல், அதிலும் திருவனந்தபுரத்துக்கு 01, கொல்லத்துக்கு 02. மதுரைக்கும் விருதுநகருக்கும் தனித்தனி எண்கள். சீசன் நேரத்தில் விடுதி வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்து எண்ணினால் ஒரு விளம்பரத் திட்டமே கிடைத்துவிடும்.

அடுத்து, ஆள் கணக்கு. பதிவேட்டில் குடும்பத்தலைவரின் பெயர் ஒன்று, பக்கத்தில் ‘+5’. திரையில் ஒரு கைப்பேசி, ஒரு பயனர். இரண்டுமே ஆறு பேரை ஒருவராகச் சுருக்குகின்றன. ஆனால் அந்த ஒருவர் ஒரே ஆள் இல்லை என்பதுதான் வேடிக்கை. குற்றாலம் வரும் குடும்பத்தில் விடுதியைத் தேடிப் பார்ப்பது கல்லூரியில் படிக்கும் மகள். படிக்கட்டு ஏற முடியாது, கீழ்த்தளம்தான் வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வது பாட்டி. பணம் கொடுத்துக் கையெழுத்துப் போடுவது அப்பா. பதிவேட்டில் அப்பா இருக்கிறார். அனலிட்டிக்ஸில் மகள் இருக்கிறாள். பாட்டி இரண்டிலும் இல்லை. வலைத்தளத்தில் ‘கீழ்த்தள அறை உண்டு’ என்ற ஒரு வரி எத்தனை அறைகளை நிரப்பும் என்பதை இந்த இரண்டு கணக்குகளும் தாமாகச் சொல்லப்போவதில்லை.

பழைய ஆள், புதிய ஆள் என்று பிரிப்பதில் பாட்டன் பேரனைத் தோற்கடிக்கிறார். மூன்று வருடம் தொடர்ந்து ஆவணியில் வருபவரின் முகம் மேசைக்காரருக்குத் தெரியும். போன தடவை கேட்ட அறை எண்கூட நினைவில் இருக்கும். மென்பொருளோ, அவர் கைப்பேசியை மாற்றியதும் புதியவர் என்று எழுதிக்கொள்கிறது. ஆப்பிள் கைப்பேசியின் சஃபாரி உலாவியில் ஒரு வாரம் கழித்து வந்தாலே அதற்கு அடையாளம் தெரியாமல் போகலாம்; வந்தவரை அடையாளம் காண மென்பொருள் விட்டுவைக்கும் குக்கீ என்ற குறிப்புகளை ஏழு நாளுக்கு மேல் அந்த உலாவி வைத்திருப்பதில்லை. ‘புதிய பயனர்கள் 80 விழுக்காடு’ என்று திரை சொன்னால் அதை ஞாபகமறதிக்காரரின் சாட்சியமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குரங்குகளையும் சொல்லிவிட வேண்டும். குற்றாலத்து விடுதிகளுக்கு அவை தினசரி வருகின்றன, மாடிக்கு ஏறுகின்றன, சன்னலைத் திறந்து பார்க்கின்றன; எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வலைத்தளத்துக்கும் இப்படி ஆளில்லாத வருகைகள் உண்டு: தேடுபொறிகளின் நிரல்கள், விலையைத் திருடிப் பார்க்கும் நிரல்கள். தனக்குத் தெரிந்த நிரல்களை அனலிட்டிக்ஸ் தானாகவே கழித்துவிடுகிறது. தெரியாத குரங்கு கணக்கில் ஏறிவிடும்.

இப்போது இந்த ஒப்பீட்டின் நடுவீட்டுக்கு வருகிறோம்: ஆளைக் கூட்டிவந்தது யார்?

தென்காசி ரயில் நிலையத்தில் இறங்கிய குடும்பத்தை ஆட்டோக்காரர் ஒருவர் விடுதி வாசலில் கொண்டுவந்து விடுகிறார். ‘நாந்தான் கூட்டியாந்தேன்’ என்று கமிஷனுக்கு நிற்கிறார். கேட்டால், போன வருடம் அந்தக் குடும்பத்துச் சித்தி இந்த விடுதியில் தங்கி, அறை சுத்தம் என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு மகள் கைப்பேசியில் படம் பார்த்திருக்கிறாள். முன்பதிவுத் தளம் ஒன்றில் மற்றவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறார்கள். ரயிலடியில் ஆட்டோக்காரரிடம் விடுதியின் பெயரைச் சொன்னதே அவர்கள்தான். ஆனாலும் பதிவேட்டில் ‘யார் மூலம்’ என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் ஆட்டோக்காரரின் பெயர்தான் விழும். கடைசியாக நின்றவர் அவர்.

இணைய விளம்பரத்தில் இதற்குப் பெயர் கடைசித் தொடுகை. வாடிக்கையாளர் வாங்குமுன் கடைசியாக எந்த இணைப்பைத் தொட்டாரோ அதற்கே முழுப் பெருமையும். இது நியாயமில்லை என்று வெகுகாலமாக வாதம் நடந்திருக்கிறது. முதல் தொடுகைக்குக் கொடு என்றார்கள்; சித்தி கட்சி. எல்லாருக்கும் சமமாகப் பிரி என்றார்கள். அண்மையில் தொட்டவருக்குக் கூடுதலாகக் கொடு என்றார்கள். அனலிட்டிக்ஸ் இந்த முறைகளையெல்லாம் சில காலம் வைத்திருந்து, 2023இல் பலவற்றை எடுத்துவிட்டது. இப்போது பெரும்பாலும் எஞ்சியிருப்பவை இரண்டு: கடைசித் தொடுகைக்கே கொடுப்பது அல்லது இயந்திரம் தன் கணக்குப்படிப் பிரித்துத் தருவது. இயந்திரம் எப்படிப் பிரித்தது என்று விடுதிக்காரரால் சரிபார்க்க முடியாது. ஆட்டோக்காரரிடமாவது நின்று தர்க்கம் செய்யலாம்.

இதில் விடுதிக்காரரின் காசு இருக்கிறது. முன்பதிவுத் தளங்கள் ஒவ்வொரு அறைக்கும் கமிஷன் எடுக்கின்றன. விடுதியின் பெயரையே தட்டித் தேடி வந்தவர், தேடல் முடிவில் மேலே நிற்கும் முன்பதிவுத் தளத்தின் விளம்பரத்தைத் தொட்டுவிட்டால், ஏற்கெனவே வரவிருந்த ஆளுக்கே கமிஷன் போகிறது. ஆட்டோக்காரர் செய்வதும் அதுவே, தொகைதான் வேறு. ‘எங்க விடுதி பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று மேசைக்காரர் ஒரு கேள்வி கேட்டு எழுதிவைத்தால் இந்தக் கசிவு வெளிப்பட்டுவிடும். ஒரு சீசன் முழுக்க இதைக் கேட்கும் பொறுமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சுவரொட்டிக்கு ஒரு தொலைபேசி எண், பேருந்து விளம்பரத்துக்கு வேறொரு எண் என்று கொடுத்து, எந்த எண்ணில் அழைப்பு வருகிறது என்று பார்ப்பது பழைய வியாபாரத் தந்திரம். ‘இந்தச் சீட்டைக் கொண்டுவந்தால் 10 விழுக்காடு தள்ளுபடி’ என்பதும் அதே வகை. சீட்டு எங்கே கொடுக்கப்பட்டது என்பது மூலையில் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும். வலைத்தளத்தில் இதைச் செய்வது இணைப்பின் வாலில் ஒட்டப்படும் குறிச்சொற்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியது இது, முகநூலில் போட்டது இது, பழைய விருந்தாளிக்கு மின்னஞ்சலில் போனது இது என்று அவை பிரித்துச் சொல்லும். யுடிஎம் என்று அழைக்கப்படும் அந்தக் குறிச்சொல்லின் முதல் எழுத்து, கூகுள் வாங்கிய அர்ச்சின் நிறுவனத்தினுடையது. நிறுவனம் போன பின்னும் உலகத்து விளம்பர இணைப்புகளின் வாலில் அதன் பெயர் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த வால் இல்லாமல் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பினால், அதைத் தொட்டு வருபவர்கள் பெரும்பாலும் ‘டைரக்ட்’ என்ற கட்டத்தில் விழுவார்கள். டைரக்ட் என்றால் நேராக வந்தவர் என்று பொருள் சொல்வார்கள். எந்த வழி என்று தெரியவில்லை என்பதே அதன் உண்மைப் பொருள். பதிவேட்டில் ‘எதற்காக வந்தீர்கள்’ என்ற கட்டத்தில் எல்லாரும் ‘சும்மா’ என்றோ ‘டூர்’ என்றோ எழுதுவார்களே, அதன் மறுபிறவி இது.

இதுவரை பார்த்தவற்றில் பாட்டனும் பேரனும் ஏறக்குறைய சமம். சமம் குலையும் இடம் ஒன்று இருக்கிறது. பதிவேடு வந்து தங்கியவரை மட்டும் எழுதுகிறது. வாடகை கேட்டுவிட்டு ‘பாத்துட்டு வாரோம்’ என்று போனவர் அதில் இல்லை. பலகையைப் படித்துவிட்டு வண்டியை நிறுத்தாமலே போனவரும் இல்லை. எந்த விடுதிக்காரரும் தன்னை விட்டுப் போனவர்களைக் கணக்கு வைத்ததில்லை; வைக்க வழியும் இருந்ததில்லை. வலைத்தளக் கணக்கு இதைச் செய்கிறது. அறைப் பக்கம் வரை வந்து, வாடகையைப் பார்த்து, திரும்பிப் போனவர்கள் அனலிட்டிக்ஸில் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். பலகையைப் பார்த்தும் திரும்பாமல் போனவர்களைக் கூகுளின் இன்னொரு இலவசக் கருவியான சர்ச் கன்சோல் எண்ணுகிறது. தேடல் முடிவில் உங்கள் தளம் எத்தனை முறை கண்ணில் பட்டது, எத்தனை முறை தொடப்பட்டது, என்ன சொல்லைத் தட்டியபோது என்பதுவரை அது சொல்லும். மிக அரிதாகத் தேடப்படும் சொற்களை மட்டும், தேடியவரின் அந்தரங்கம் கருதி, மறைத்துவிடும்.

குற்றாலத்துக்காரருக்குச் சர்ச் கன்சோலில் ஒரு தனிச் சுவை உண்டு. இந்த ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுத நாலைந்து எழுத்துக்கூட்டல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. வெள்ளைக்காரர் எழுதிவைத்த கோர்ட்டாலம் ஒன்று. நம் வாய்க்கு ஏற்ற மாதிரி எழுதுபவை மற்றவை. கேரளத்துக்காரர் மலையாளத்தில் தட்டுகிறார். போதாததற்கு நெல்லைப் பேச்சில் இது குத்தாலம். அந்தப் பெயரில் மயிலாடுதுறை மாவட்டத்தில் உண்மையாகவே ஓர் ஊர் இருக்கிறது. ஆகவே ‘குத்தாலம் லாட்ஜ்’ என்று தேடும் ஒருவர் அருவிக்கு வர நினைப்பவராகவும் இருக்கலாம். காவிரிக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறவராகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட தேடலில் உங்கள் தளம் ஆயிரம் முறை கண்ணில் பட்டு மூன்று முறை மட்டும் தொடப்பட்டால், விளம்பரம் மோசம் என்று முடிவு கட்டக் கூடாது. ஊர்தான் வேறு. தளத்தின் தலைப்பில் ‘தென்காசி மாவட்டம்’ என்று இரண்டு சொல் சேர்த்தால் தெளிந்துவிடும்.

பதிவேட்டுக்கு இந்தக் குழப்பம் வந்ததே இல்லை. மயிலாடுதுறைக் குத்தாலத்துக்குப் போக வேண்டியவர் யாரும் இந்த மேசைக்கு வந்து நின்றதில்லை.

காலம் என்ற கட்டத்தில் இரண்டும் மறுபடி கைகோத்துக்கொள்கின்றன. அனலிட்டிக்ஸ், போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டுப் பச்சை அம்பும் சிவப்பு அம்பும் காட்டும். மே மாதத்தோடு ஜூலையை ஒப்பிட்டு வளர்ச்சி என்று மகிழ்வதும், ஆகஸ்டோடு அக்டோபரை ஒப்பிட்டு வீழ்ச்சி என்று வாடுவதும் குற்றாலத்தில் சிரிப்புக்கு இடம். அப்படியானால் போன வருடத்து இதே தேதியோடு ஒப்பிடலாமா? அதுவும் சறுக்கும். குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கியதாக வானிலை ஆய்வுத் துறை அறிவித்த நாள் 2023இல் ஜூன் 8; 2024இல் மே 30; 2025இல் மே 24. ஜூன் முதல் வாரம் ஒரு வருடம் வெயில், இன்னொரு வருடம் சாரல். பதிவேட்டுக்காரர்களுக்கு இது தெரியும். அவர்கள் தேதி சொல்லமாட்டார்கள். ‘சாரல் விழுந்து பத்தாம் நாளு கூட்டம் நிறைஞ்சுட்டு’ என்பார்கள். திரையிலும் ஒப்பீட்டுத் தேதிகளை நாமே குறிக்கலாம். தண்ணீர் விழுந்த நாளை முதல் நாளாக வைத்து எண்ணினால்தான் இரண்டு வருடங்களும் ஒரே தராசில் நிற்கும்.

ஆனால் எத்தனை வருடம் பின்னால் போகலாம்? அனலிட்டிக்ஸில் விரிவாகத் துருவிப் பார்ப்பதற்கான தரவு, நாம் மாற்றாவிட்டால் இரண்டு மாதம்தான் இருக்கும். மாற்றினால் 14 மாதம். தொகுத்துத் தரும் பொது அறிக்கைகள் அதற்கு மேலும் இருக்கும். சர்ச் கன்சோல் 16 மாதம் வைத்திருக்கிறது. ஒரு சீசனைப் போன சீசனோடு ஒப்பிட 14 மாதம் எட்டிப்பிடித்தாற்போலப் போதும். அதற்கு முந்தையதோடு ஒப்பிட முடியாது. பரணில் கிடக்கும் பதிவேடுகளோ பத்து, இருபது வருடத்தைச் சுமக்கின்றன. கரையானும் சாரல் ஈரமும் விட்டுவைத்தால். பேரனிடமும் கரையான் உண்டு. அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பை 2023 ஜூலை 1 அன்று கூகுள் நிறுத்தியது. அதில் சேர்ந்திருந்த பழைய கணக்குகளை 2024 ஜூலையிலிருந்து அழித்தது. எடுத்து வைத்துக்கொள்ளாதவர்களுக்குப் பல வருடச் சீசன்கள் அதோடு போயின. ஒவ்வொரு சீசன் முடிவிலும் நாலே நாலு எண்களை அந்த நீளப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதிவைப்பது நல்லது என்று சொன்னால் சிரிப்பார்கள். எழுதி வைத்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

எண் கூடினால் நல்லது என்ற நம்பிக்கையையும் குற்றாலம் கலைத்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் இறந்தான்; அருவிகளில் குளிக்கத் தடை வந்தது. அப்படிப்பட்ட நாட்களில் குற்றாலம் என்ற பெயரைத் தேடுபவர்கள் அறை தேடுபவர்கள் அல்லர். செய்தி தேடுகிறார்கள், போட்டிருந்த பயணத்தை நிறுத்தலாமா என்று பார்க்கிறார்கள். தளத்தின் வருகைக் கோடு மேலே ஏறும். பதிவேட்டின் பக்கம் வெறுமையாக இருக்கும். கோட்டை மட்டும் பார்ப்பவர் விளம்பரம் பலித்துவிட்டது என்று நினைப்பார்.

துயரமில்லாத எடுத்துக்காட்டும் உண்டு. ஆடி மாதத்தில் சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் சூரியகாந்தி பூக்கும். படம் எடுக்கக் கூட்டம் கூடும். விடுதித் தளத்தில் ‘சூரியகாந்தி பூத்துவிட்டதா?’ என்று ஒரு பக்கம் எழுதினால் அதற்கு ஆள் வருவார்கள். பூவைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ‘கீழ்த்தள அறை, கார் நிறுத்த இடம், வாடகை’ என்ற வறட்டுப் பக்கத்துக்குச் சிலரே வருவார்கள். வந்தவர்கள் போன் செய்வார்கள். விடுதி வாசலில் வண்டியை நிறுத்தி வழி கேட்பவர்களை மேசைக்காரர் பதிவேட்டில் எழுதுவதில்லை. மென்பொருள் எழுதுகிறது, பத்து வினாடிக்கு மேல் பக்கத்தில் இருந்துவிட்டால் ஈடுபாடுள்ளவர் என்று பட்டமும் கொடுக்கிறது. எதைத் தங்கலாக எண்ண வேண்டும் என்று நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். குற்றாலத்தில் தங்கல் பெரும்பாலும் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் முடிவாகிறது. வாட்ஸ்அப் இணைப்பைத் தொட்டதை வெளியிணைப்பாக அனலிட்டிக்ஸ் தானாகவே எண்ணிவிடும். தொலைபேசி எண்ணைத் தொட்டதை அப்படி எண்ணாது. அதைத் தனியாக அமைக்க வேண்டும். அமைக்காத விடுதிக்குத் திரையில் வியாபாரமே நடக்காது, போன் மட்டும் அடித்துக்கொண்டிருக்கும்.

விலை என்ற கட்டம் பாக்கி. பதிவேட்டின் விலை ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலை. அனலிட்டிக்ஸுக்கு அதுவும் இல்லை. ஆனால் இரண்டிலும் விலை கொடுப்பவர் விருந்தாளி. ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு அறைக்குப் போகிறார். அந்த நகல் எந்த இழுப்பறையில் எத்தனை வருடம் கிடக்கும், பிறகு யார் கடையில் நேந்திரங்காய் வறுவலுக்குப் பொட்டலமாகும் என்று யாருக்கும் தெரியாது. தளத்துக்கு வந்தவரின் நடமாட்டமோ கூகுளின் சர்வருக்குப் போகிறது. இதை ஏற்காமல் 2022 ஜனவரியில் ஆஸ்திரியாவின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அனலிட்டிக்ஸைப் பயன்படுத்திய ஒரு தளத்துக்கு எதிராக முடிவு சொன்னது. அடுத்த மாதம் பிரான்ஸும் அதே வழியில் சென்றது. இந்தியாவில் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது.

தூரத்து ஆஸ்திரியாவுக்கு ஏன் போக வேண்டும்? தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. பிறர் தளத்தில் தன் வேவு நிரலை வைத்துத் தரவு திரட்டும் மூன்றாம் தரப்பு முறையைத் தங்கள் தளங்களிலிருந்து எடுத்துவிட்டதாக 2020இல் அந்த நிறுவனம் அறிவித்தது. வலைத்தள வருகையை ஆராயும் மென்பொருளை விற்கவும் செய்கிற நிறுவனம் அது. ஆகவே அந்த முடிவில் கொள்கையும் இருக்கிறது, வியாபாரமும் இருக்கிறது. ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகிவிடாது. கூகுளுக்குத் தர விருப்பமில்லாத விடுதிக்காரர் மட்டோமோ போன்ற திறந்த மூல மென்பொருளைத் தம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். அப்போது நடமாட்டக் கணக்கு அவருடைய இழுப்பறையிலேயே இருக்கும். ஆதார் நகலுக்குப் பக்கத்தில்.

இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எது? நான் பதிவேட்டைச் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: அதில் ‘எதைப் பார்த்து வந்தீர்கள்?’ என்று இன்னொரு கட்டம் சேர்க்க வேண்டும். நல்லவேளையாக அப்படித் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சர்ச் கன்சோலில் மக்கள் தட்டிய சொல்லையும், அந்தப் புதிய கட்டத்தில் அவர்கள் வாயால் சொன்னதையும் ஞாயிற்றுக்கிழமை இரவு கூட்டம் கலைந்த பிறகு பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிப்பது கால் மணி நேர வேலை.

அந்தக் கட்டம் நிரம்புவது உங்கள் கையில்தான் இருக்கிறது, வாசகரே. அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போய், மேசைக்காரர் ‘எங்கள எப்படித் தெரியும்?’ என்று கேட்டால், தயவுசெய்து ‘சும்மா’ என்று சொல்லாதீர்கள். சித்தி சொன்னாள் என்றால் சித்தி சொன்னாள் என்றே எழுதுங்கள்.